தெருவுக்கு ஒரு நெற்றி

எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு என்று அறிவித்த அன்று வட்டச் செயலாளர் சாப்பிடவே இல்லை என்று கேள்விப்பட்டேன். வட்டச் செயலாளர் என்றால் வார்டில் அந்தக் கட்சிக்கு அவர்தான் எல்லாம். அடுத்த கவுன்சிலர் நான்தான் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். மந்தைவெளியில் யார் வீட்டில் காது குத்தினாலும் முதல் வரிசையில் உட்காருவார். சாந்தோம் பக்கம் யார் செத்தாலும் மாலையோடு நிற்பார். மழை பெய்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் அதிகமாக நிற்கும் இடமாகப் பார்த்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். இத்தனையும் செய்துவைத்திருந்தவருக்கு இப்படி ஆகிவிட்டது.

"சீட்டு லேடீஸுக்குப் பூடுச்சு டீச்சர்," என்று என்னிடம் வந்து சொன்னார், ஏதோ நான்தான் எடுத்துக் கொடுத்துவிட்ட மாதிரி.

வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் மனைவியை நிறுத்துவார்கள். மனைவி ஜெயிப்பார், கணவர் கவுன்சிலராக இருப்பார். ஊரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் இவருடைய மனைவிக்கு மாநகராட்சியிலேயே வேலை. தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். அந்த அம்மாள், "நீ கட்சியை வுடு, நான் வேலையை வுடறேன்," என்று சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம்தான் அவர் கண் எங்கள் எதிர்வீட்டின் மேல் விழுந்தது.

எதிர்வீட்டில் இருந்தவள் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு செக்‌ஷனில் வேலை பார்த்தாள். நாற்பது வயசு. பிள்ளைகள் இல்லை. அவள் புருஷனும் அதே கட்சிக்காரன்தான். தேர்தலுக்கு நாலு வருஷம் முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். காமாலை எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும்.

அவன் காரியத்தன்று நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அவன் பக்கத்துப் பெண்கள் கூடிக்கொண்டு, இவளுக்குப் பூ வைத்து, வளையல் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பறிப்பதற்குத் தயாராக நின்றார்கள். இவள் எழுந்துகொண்டாள்.

"நாளைக்கு எனக்கு டூட்டி கீது. பொட்டு, பூ இல்லாம கடையில நிக்க வுட மாட்டாங்க. நீங்க மாசாமாசம் சோறு போடறதா இருந்தா சொல்லுங்க, இப்பவே அழிச்சிக்கிறேன்."

மறுநாள் காலையில் பொட்டோடு, ரெண்டு முழம் மல்லிகையோடு பஸ்ஸுக்கு நின்றாள். கல்யாணப் புடவை விற்பவள் புருஷனில்லாதவள் என்று கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. விடுமுறை நாளில் அவள் கட்டும் கிளிப்பச்சையும் ராமர் நீலமும் எங்கள் சந்துக்கே ஒரு வெளிச்சம். நான் வேதக்காரி. எங்களுக்கு இந்தப் பொட்டு அழிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது என்று சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். எங்கள் சர்ச் கல்யாணத்தில் பெண்ணுக்கு முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு யார் போகிறார்கள், யார் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று கவனித்தவர்களுக்குப் புரியும்.

அவளைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததற்கு வேறு காரணம் உண்டு. தெருக் குழாயிலிருந்து தண்ணீர் இழுக்கிற எங்கள் அடிபம்பில் சாக்கடை கலந்து வரும். நாங்கள் படித்தவர்கள் புகார் எழுதுவோம், வாட்ஸ்அப் குழுவில் கோபப்படுவோம், கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வோம். அவள் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குடிநீர் ஆபீஸுக்குப் போய் அதிகாரி மேஜையில் வைத்து, "ஒரு வாய் குடிச்சிட்டு சொல்லுங்க சார்," என்பாள். மறுநாள் ஆள் வரும். ஒரு மாதம் நன்றாக இருக்கும். பிறகு மறுபடியும் நாற்றம், மறுபடியும் பாட்டில்.

ஆக, வட்டச் செயலாளருக்கு ஒரே ஆளில் இரண்டும் கிடைத்தன. வேலை செய்யத் தெரிந்தவள் என்பது ஒன்று. கட்சிக்காரனின் விதவை என்பது இன்னொன்று. முதலாவதை அவர் கடைசிவரை கண்டுகொள்ளவே இல்லை.

"வேணாம்டி," என்று நான் சொன்னேன்.

"அந்த சீட்ல உக்காந்தா பாட்டில் தூக்கினு அலைய வேணாம் டீச்சர். பைப்பையே மாத்திடலாம்," என்றாள். அவள் கண்ணில் அப்படி ஓர் ஆசை. மேற்கொண்டு நான் என்ன சொல்ல?

மனுத்தாக்கல் செய்த மறுநாளே, அவளைவிடப் பத்து வயசு மூத்த வட்டச் செயலாளர் அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸ் வந்தது. தலைவர்கள் மேகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், ஆள் உயரத்துக்கு, செத்துப்போன புருஷன். 'மக்கள் பணியில் தன்னையே கரைத்துக்கொண்ட மாவீரன்' என்று கீழே எழுதியிருந்தது. அவன் எதில் கரைந்தான் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஒரு ஓரத்தில், பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு, கைகூப்பிக்கொண்டு இவள். நெற்றியில் பொட்டைக் காணோம். கம்ப்யூட்டரிலேயே அழித்திருந்தார்கள்.

"இதுல யாருப்பா நிக்கிறது? அவனா, அவளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அன்று சாயங்காலம் வட்டச் செயலாளர் ஒரு சந்தன நிறக் காட்டன் புடவையோடு அவள் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். வார்டில் பாதிப் பெண்கள் என்னிடம் படித்தவர்கள் என்பதால், பிரசாரத்துக்கு நானும் கூட வரவேண்டும் என்று கேட்டிருந்தார்.

"அக்கா, எலக்‌ஷன் முடியற வரிக்கும் இந்த மாதிரி பொடவை. பொட்டு வேணாம், பூ வேணாம். ஜனங்க பாத்தா அப்படியே கண்ணு கலங்கணும்."

"அண்ணே, நான் ஓட்டு கேக்கறனா, ஒப்பாரி வெக்கறனா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா," என்றார். அரசியலில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

எலக்‌ஷன் வரைக்கும்தானே என்று அவள் பொட்டை எடுத்தாள். உறவுக்காரப் பெண்கள் கூட்டமாக நின்றும் முடியாததை, ஒரு கட்சி வார்டு சீட்டைக் காட்டி முடித்துக்கொண்டது.

பிரசாரம் கால்வாய்க்கரையில் தொடங்கியது. அங்கே அவளை எல்லோருக்கும் தெரியும். அடிபம்பு நாற்றத்தில் அவர்களும் நாங்களும் ஒரே ஜாதி. வட்டச் செயலாளரே ஏற்பாடு செய்து வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டோடு பெண்களை நிறுத்தியிருந்தார். அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. ஆரத்தி சுற்றினால், அந்தச் சிவப்புத் தண்ணீரை விரலில் தொட்டு நெற்றியில் வைத்தாக வேண்டும். வைத்தால் அவருடைய அனுதாப ஓட்டு என்ன ஆவது? முதல் வீட்டுப் பெண் விரலைக் கொண்டுபோனாள். வட்டச் செயலாளர், "வெக்காத, வெக்காத!" என்று அலறிக்கொண்டு நடுவில் பாய்ந்தார். தூக்கிய விரலை அந்தப் பெண் என்ன செய்வாள்? அவர் தன்னுடைய நெற்றியைக் காட்டினார்.

"அக்கா சார்பா எனக்கு வெய்யி."

அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் அதே கதைதான். தட்டை அவளுக்குச் சுற்றினார்கள், பொட்டை அவருக்கு வைத்தார்கள். கரையின் கடைசி வீட்டுக்கு வருவதற்குள் அவருடைய நெற்றி, மூக்கு, சட்டைக் காலர் எல்லாம் சிவந்து, மனிதர் பலி கொடுக்கக் கொண்டுபோகிற கிடா மாதிரி இருந்தார். ஒரு கிழவி நேராகவே கேட்டாள்.

"இன்னாம்மா, நல்லாத்தான பூவும் பொட்டுமா வேலைக்குப் போய்க்கினு இருந்த? அந்தக் குடிகாரன் செத்ததுக்கு இப்பத்தான் துக்கம் வந்துச்சா?"

அவள் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். நான் அடக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாட வீதிப் பக்கம் போனோம். முதல் வீட்டுக் கதவைத் திறந்த மாமி அவளைப் பார்த்துவிட்டு, பாதிக் கதவை மூடிக்கொண்டு என்னிடம் பேசினார்.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்கோ. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஆத்துல பொண்ணுக்கு ஜாதகம் பாத்துண்டிருக்கோம். ஓட்டு நிச்சயமா போட்டுடறோம். நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

ஓட்டு போடலாம், மூஞ்சியில் மட்டும் முழிக்கக் கூடாது. அடுத்த வீட்டிலும் ஏறக்குறைய அதே பதில். மூன்றாவது வீட்டில் நாய்தான் எட்டிப் பார்த்தது. அதற்குச் சகுனம் தெரியாது போலிருக்கிறது, வாலை ஆட்டியது.

வட்டச் செயலாளர் தெருமுனையில் நின்று யோசித்தார். தொண்டர்கள் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். முடிவு வந்தது. மாட வீதிப் பக்கம் சின்னதாக ஒரு பொட்டு, கால்வாய்க்கரைக்கும் மார்க்கெட் பக்கத்துக்கும் வெறும் நெற்றி. நடுவில் ஆட்டோவில் வைத்து அழித்துக்கொள்ள வேண்டியது. இப்படியாக எங்கள் வேட்பாளர் ஒரு தெருவில் சுமங்கலியாகவும் அடுத்த தெருவில் அமங்கலியாகவும் ஓட்டு கேட்டார். ஒருநாள் அழிக்க மறந்து பொட்டோடு மார்க்கெட்டில் இறங்கிவிட்டாள். பூக்காரிகள், "இப்பத்தான் நம்ம பொண்ணு மாதிரி கீற," என்று தலையில் பூ வைத்துவிட்டார்கள். வட்டச் செயலாளர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. நான்தான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டுமாம்.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். ஓட்டுப்பதிவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கடையிலிருந்து போன் வந்தது. அவள் அதைப் பேசி முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில், ஃப்ளெக்ஸில் இருக்கும் பெண்ணா உங்கள் கடையில் முகூர்த்தப் பட்டு எடுத்துப்போடுகிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். எலக்‌ஷன் முடிந்ததும் நீங்கள் பெட்ஷீட் செக்‌ஷனுக்கு வந்துவிடுங்கள் என்றாராம்.

"தோத்தா பெட்ஷீட்டு, ஜெயிச்சா சந்தனப் பொடவை. ரெண்டுல எது தேவலை, சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. நாலு வருஷம் கடையில் ஒருத்தரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்ததை வார்டு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். இனி அவள் ஜெயித்தே ஆகவேண்டும். திரும்பிப் போக இடமில்லை.

ஓட்டுப்பதிவு நாளில் வேன்கள் வந்தன. கால்வாய்க்கரையில் முன்பு இருந்தவர்களில் பாதிப்பேரை, ஆக்கிரமிப்பு என்று சொல்லி, சட்டி பானையோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வீடு போனாலும் பலருக்கு ஓட்டு இங்கேயே இருந்தது. அனுப்பும்போது லாரி, அழைக்கும்போது ஏ.சி. வேன். ஓட்டு போட்ட கையோடு வேன் ஏறச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் தன் பழைய வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் சந்தின் அடுக்குமாடி வீட்டுக்காரர்களோ, லீவு சேர்ந்தாற்போல வந்ததென்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய், அங்கிருந்து குழுவில், 'எல்லோரும் தவறாமல் வாக்களியுங்கள்' என்று கடமையைச் செய்தார்கள்.

அவள் ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். மாலையெல்லாம் வட்டச் செயலாளர் கழுத்தில் விழுந்தது. அக்கா சார்பாகத்தான்.

இனிமேலாவது பொட்டு வைக்கலாமா என்று அவள் கேட்டபோது, பதவியேற்பு முடியட்டும் என்றார். பதவியேற்பு முடிந்ததும் மேயர் தேர்தல் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்ததும், "ஜனங்க மனசுல பதிஞ்ச மூஞ்சிக்கா இது. அடுத்த எலக்‌ஷனுக்கும் இதுதான் நமக்கு முதலீடு," என்றார். எலக்‌ஷன் வரைக்கும் என்றால் எந்த எலக்‌ஷன் என்று நாங்கள் கேட்டுவைக்கவில்லை. பெட்ஷீட்டுக்குப் போகாமல் கடையை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தாள். தைத்துக் கொடுத்த புடவையெல்லாம் நல்ல நல்ல நிறம்.

ஆனால் பைப்பை மாற்றினாள். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருஷம் எங்கள் சந்திலும் கால்வாய்க்கரையிலும் தோண்டினார்கள். பள்ளத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு எங்கள் அடிபம்பில் வரும் தண்ணீரை நான் தைரியமாகக் குடிப்பேன். வேலை முடிந்ததும் வைத்த போர்டில் அவள் பெயருக்கு மேலே, இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், வட்டச் செயலாளரின் 'சீரிய முயற்சி' இருக்கிறது. முயற்சி நடந்த நாட்களில் அவர் குற்றாலத்தில் இருந்தார்.

மூன்றாவது வருஷம் வட்டச் செயலாளரின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையோடு அவள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவே வரவேற்பு வைக்கிறவர்கள் உண்டு. இவர் காலையில் சைதாப்பேட்டை மண்டபத்தில் முகூர்த்தம், அன்றைக்குச் சாயந்தரமே வரவேற்பு என்று வைத்திருந்தார். வரவேற்புக்குத் தலைமை மாமன்ற உறுப்பினர் என்று அவள் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்.

"அக்கா, நீங்க சாயந்தரம் வந்துடுங்க. உங்க தலைமைலதான் எல்லாம். காலையில கும்பலா இருக்கும், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? டீச்சர், நீங்க காலையிலயே வந்துடணும், சொல்லிட்டேன்."

முட்டிவலியில் மாடிப்படி ஏற முடியாத எனக்கு அலைச்சல் இல்லையாம். வார்டு முழுக்க நடந்தே சுற்றுகிற அவளுக்கு அலைச்சலாம். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "பொண்ணுக்குப் பொடவை எடுத்தாச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். எடுத்தாயிற்று என்றார். அவர் படியிறங்கிப் போனதும் நான் கத்தினேன். உன்னை ஊர் முழுக்க விதவையாக்கி ஓட்டு வாங்கியவன் இப்போது தன் வீட்டு முகூர்த்தத்துக்கு நீ ஆகாது என்கிறான், அவன் முகத்தில் பத்திரிகையை விட்டெறியாமல் புடவையா விசாரிக்கிறாய் என்று கேட்டேன்.

"கத்தாதீங்க டீச்சர், காபி ஆறிப் போவுது," என்றாள்.

கல்யாணத்தன்று காலை நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மயில்கழுத்து நிறத்தில் பட்டு. தலையில் மல்லிகை. நெற்றியில் பொட்டு, சின்னதாக இல்லை, நன்றாகவே பெரிசாக. மூன்று வருஷமாகப் பார்க்காத முகம்.

"போலாமா டீச்சர்? ஆட்டோ நிக்குது."

மண்டப வாசலில் நின்ற கட்சிக்காரர்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வழக்கம்போல, "கவுன்சிலர் வராங்க, வழி வுடுப்பா!" என்று குரல் கொடுத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, வட்டச் செயலாளருக்கும் மேலான பகுதிச் செயலாளரே எழுந்து இடம் கொடுத்தார். மேடையிலிருந்து பார்த்துவிட்ட வட்டச் செயலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையைக் கூப்பினார். அவள் நெற்றியைப் பார்த்தார், சுற்றிலும் நிற்கிற கட்சிக்காரர்களைப் பார்த்தார், மறுபடியும் நெற்றியைப் பார்த்தார்.

"அக்கா... நீங்க சாயந்தரம்னு..."

"சாயந்தரமும் வரேன் அண்ணே," என்றாள்.

தாலித் தட்டு சபைக்கு வந்தது. முன்வரிசையில் முதலில் யாரிடம் நீட்டுவார்கள்? கவுன்சிலரிடம்தானே. தட்டைப் பிடித்திருந்த பெண் வட்டச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் அவர் என்ன சொல்வார்? "அக்கா சார்பா" என்று கை நீட்ட இது ஆரத்தித் தட்டு இல்லையே. அவள் நிதானமாகத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த தடவை அவளுக்குச் சீட்டு கிடையாது என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தட்டிலிருந்து அட்சதையை அள்ளி, பாதியை என் கையில் போட்டாள்.